ஆறு கிலோமீட்டர் இருநூறு மீட்டர்

காலை ஐந்தரை. டிரானாவில் இன்னும் இருட்டு.
தலையணைக்கடியில் கைபேசி
வண்டு போல முனகுகிறது:
பெட்ரிட் காரை வெளியே எடுத்துவிட்டான்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு
அகன்ற தோள் போதும் என்றார்கள்.
இப்போது தோளை யாரும் பார்ப்பதில்லை,
சார்ஜ் எத்தனை சதவீதம் என்கிறார்கள்.

ஒரு செயலியில் போக்குவரத்து:
கவாயா தெரு சிவப்பு, லானா கால்வாய்க் கரை பச்சை.
ஒன்றில் வானிலை. மழையென்றால் குடைகள்,
குடைகள் என்றால் முகங்கள் இல்லை.
முகமில்லாத நாள் எனக்குப் பிடிக்காது.
ஒன்றை அழுத்திப் பேசினால்
நான்கு பேர் காதில் விழும்.
இன்னொன்றில் நீதிபதி வால்டெட்டே,
சின்ன நீலப் புள்ளியாக,
மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குகிறார்.

அந்தப் புள்ளி எனக்கு அத்துப்படி.
நீதிமன்ற லிஃப்டில் செத்துப்போகும்,
மூன்றாம் மாடியில் உயிர்த்தெழும்.
நடுவில் பதினோரு விநாடி.
ஒருமுறை ரொட்டிக்கடையில்
இருபது நிமிடம் அசையாமல் நின்றது.
ஓடினேன்.
பூரெக் தீர்ந்துவிட்டதாம், அடுத்த தட்டுக்குக் காத்திருந்தாராம்.
எனக்கும் ஒன்று வாங்கியிருந்தார்.
காகிதமெல்லாம் எண்ணெய்.

மகள் ரெஸார்ட்டாவுக்குப் பதினாறு.
காதுகளை அடைத்துக்கொண்டு
ஜன்னலோடு பயணம் செய்கிறவள்.
வியாழக்கிழமை பின்சீட்டிலிருந்து சொன்னாள்:
“கெஸிம், இன்றைய உங்கள் ஓட்டத்துக்குக்
கைதட்டல் போட்டேன். மேட்டில்தான் சொதப்பிவிட்டீர்கள்.”

சிரித்தேன்.
இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு
சிரிப்பு வயிற்றில் இறங்கிக் கல்லாயிற்று.

“நீ எப்படிப் பார்த்தாய்?”
“யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே.”

கொழுப்பைக் குறை என்று மருத்துவர் சொல்ல,
நானாகச் சேர்ந்த செயலி.
பதினான்கு மாதம், வாரத்தில் ஐந்து விடியல்,
ஆறு கிலோமீட்டர் இருநூறு மீட்டர்.
வரைபடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருக்குக் கயிறு:
பூங்கா ஏரியைச் சுற்றி, கல்லூரி மதிலை ஒட்டி வந்து
முடிச்சு விழும் இடம்
பெயர்ப்பலகையில்லாத சந்தின்
நாலாவது கட்டடம், பச்சை இரும்புக் கதவு.

கார் எண்ணை மாதாமாதம் மாற்றுகிறோம்.
அழைப்புமணியில் இல்லாத பல் மருத்துவர் ஒருவரின் பெயர்.
குப்பையைக்கூட மூன்று தெரு தள்ளிப் போடுகிறோம்.
என் கால்கள் மட்டும் அன்றாடம்
வழி சொல்லிக்கொண்டிருந்தன,
எரிந்த கலோரிக் கணக்கையும் சேர்த்து.
வேலி பயிரை மேய்ந்ததென்பார்கள்.
இந்த வேலி மேயவில்லை,
கைகாட்டிப் பலகை நட்டது.

கைதட்டியவர்கள் பதினேழு பேர்.
மைத்துனன். பட்டாளத்துச் சிநேகிதர்கள் இருவர். ரெஸார்ட்டா.
மற்ற பதின்மூன்று பேரில் ஒருவன்
முகத்துக்குப் பதில் மலைப்படம் வைத்திருக்கிறான்.
மார்ச்சிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.
‘ஊக்கம் குறையாதே சகோதரா’ என்று எழுதியிருக்கிறான்.
நல்லவனாக இருக்கலாம்.
முழங்கால் வலிக்காரன், ஓட முடியாதவன், வெளியூர்க்காரன், இருக்கலாம்.
என் தொழிலில்
‘இருக்கலாம்’ என்ற சொல்லை நம்பி
யாரையும் தூங்க வைக்க முடியாது.

நானே மேலதிகாரியிடம் சொன்னேன்.
அன்றிரவே வீடு மாறினோம்.
புத்தகப் பெட்டிகளை நான்தான் சுமந்தேன்,
யாரும் சொல்லவில்லை.
நீதிபதி படிக்கட்டில் அமர்ந்து கேட்டார்:
“மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?”
“ஆயிரத்து எண்ணூறு இருக்கும், அம்மா.”
“வியன்னாவையே தாண்டியிருப்பாய்,” என்றார்.
“அப்படி நேராக ஓடியிருக்கலாம் நீ.”
கோபமா கேலியா, இன்றுவரை தெரியாது.
தீர்ப்பு எழுதும் கைக்கு முகம் உதவி செய்வதில்லை.

கணக்கை அழிக்கும்போது செயலி கேட்டது:
உங்கள் நினைவுகள் எல்லாம் போய்விடும், உறுதிதானா?

இப்போது ஓடுவது
புதுக் கட்டடத்தின் மாடிப்படிகளில்,
கைபேசியைப் பெட்ரிட்டிடம் கொடுத்துவிட்டு.
ஏழு மாடி, ஏறி இறங்கி, எண்ணிக்கையில்லாமல்.
நான்காவதில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
ஆறாவதில் மூச்சு வாங்க நிற்பேன்.

அந்த மலைப்படக்காரன்
இந்நேரம் திரையைத் தேய்த்துப் பார்த்திருப்பான்,
எங்கே இவன் என்று.

அல்லது
தேடாமலே இருக்கிறான்.