எதிர்பாராததற்குப் பத்து சதவீதம்

பர்பேங்க். இரண்டாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஸ்டுடியோவின் பழைய தண்ணீர்த் தொட்டி,
உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது,
பெயர் எழுத மட்டும் வைத்திருக்கிறார்கள்.
கதையைப் படித்துவிட்டு அழுதேனா என்று
என்னிடம் யாரும் கேட்பதில்லை.
எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு?
அராக்ஸி தெர்ஸியான், பட்ஜெட் பிரிவு,
பத்தொன்பது வருஷம்.

'மழையில் அவள் பேச ஆரம்பித்தாள்' என்று
எழுதுகிறவர் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போவார்.
அந்த மழை எனக்கு
நான்கு தண்ணீர் லாரி, இரண்டு கிரேன்,
எண்பது ஜோடி உலர்ந்த சாக்ஸ்.

செவ்வாய்க்கிழமை மேசைமேல் இரண்டு கதைகள்.

ஒன்று கரடி.
நாற்பது வருஷத்துக்கு முன் நாங்களே கார்ட்டூனாக எடுத்தது.
இப்போது ரத்தமும் சதையுமாய் வேண்டுமாம்.
ரத்தமும் இல்லை, சதையும் இல்லை,
முடிதான் இருக்கிறது,
கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக.
முடிக்கு மட்டும் நாற்பத்தொரு மில்லியன் டாலர்.
நனைந்த முடி தனிக் கணக்கு.
கார்ட்டூனில் அதே கரடி
மூன்று கோடுகளில் வெட்கப்பட்டது.
மொத்தம் இருநூற்றுப் பத்து.

இன்னொன்று,
டுலூத்தில் ஒரு ஜனவரி.
பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட அக்காவும் தம்பியும்
உறைந்த ஏரிமேல் நடந்தே போகிறார்கள்.
போய்ச் சேர்ந்தால் பள்ளி விடுமுறை.
அவ்வளவுதான்.
ஒன்பது வயதுப் பிள்ளை நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் நடிக்கலாம்,
மூன்று மணி நேரம் பாடம், ஒரு மணி ஓய்வு.
அதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.
பொய்ப் பனிக்கு ஒரு காசு வைக்கவில்லை.
பதினொரு மில்லியன்.

'பதினொன்றா?' என்றார் வென்டல் ப்ரூஸர்ட்,
திரிந்த பாலை முகர்ந்தவர்போல.
'போஸ்டரும் விளம்பரமும் மட்டும் அறுபது ஆகும்.
பதினொன்றை விற்க அறுபதா?
இதை எழுபதாக்கு. ஏரிக்குள் ஏதாவது இருக்கட்டும்.'
ஏதாவது என்றால்?
'பெரிதாக.'

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
இங்கே வீக்கம் தயார்,
விரல்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கரடியின் விலையில் பத்தொன்பது ஏரி நடக்கலாம்
என்று நான் சொன்னேன்.
பதினைந்து தோற்கட்டும், யாருக்கும் வேலை போகாது.
கரடி ஒன்று சறுக்கினால்
இந்த மாடியே காலி.
ஜோசலின் மட்டும் தலையாட்டினாள்,
அவள் பயிற்சிக்கு வந்தவள்,
அவள் தலைக்கு இன்னும் ஓட்டு இல்லை.

சனிக்கிழமை, க்ளெண்டேல் தியேட்டர் வாசல்.
எனக்கு முன்னால் நர்ஸ் சீருடையில் ஒரு பெண்,
மூன்று பிள்ளைகள்.
விலைப்பலகையைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள்,
உதடு அசைந்தது: டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்.
என் வாழ்க்கையில் நான் பார்த்த
மிக வேகமான பட்ஜெட் கூட்டம்.
வரிசையைவிட்டு விலகினார்கள்.
அவள் ஒன்றும் விளக்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.
எதிரே நீரூற்றின் விளிம்பில்
கைகளை விரித்து ஒருவர்பின் ஒருவராக நடந்தார்கள்.
கடைக்குட்டி தொப்பென்று உள்ளே விழுந்தான்.
அவள் சிரித்தாள், பின்னர் திட்டினாள்.
நனைந்த முடி.
தனிக் கணக்கு கிடையாது.

ஒவ்வொரு பட்ஜெட்டின் அடியிலும் ஒரு வரி உண்டு,
எதிர்பாராதது: பத்து சதவீதம்.
செலவில் ஒதுக்குகிறோம்.
எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது
அரை சதவீதம்கூட இல்லை.

திங்கள் இரவு தாளைத் திருத்தி அனுப்பினேன்.
'ஏரிக்குள், பெரிதாக' என்ற புதிய வரியில்
பூஜ்யம்.
பள்ளி ஆசிரியைக்கு இன்னொரு நாள் சம்பளம் சேர்த்தேன்,
தம்பிக்கு இரண்டாவது ஜோடி பூட்ஸ்.
பதினொன்று, புள்ளி பூஜ்யம் மூன்று.

பதில் வரவில்லை.
கரடிக்கு முடி இரண்டு மில்லியன் ஏறியிருக்கிறது.