இடுப்பு வில்லை

மூன்று மாதத்துக்கொரு முறை
உறை உறையாக என் மேசைக்கு வருகிறார்கள்,
குடாயிசியிலிருந்து, ஸுக்தீதியிலிருந்து, த்கிபுலியிலிருந்து.
முகம் கிடையாது.
ஓர் எண், அது ஒட்டிய வில்லை, அவ்வளவுதான்.

வில்லைக்குள் உப்புக்கல் போல ஒரு படிகம்,
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
எக்ஸ்ரே பட்டதையெல்லாம் வாய்திறக்காமல் வைத்திருக்கும்.
இருநூற்று நாற்பது பாகைக்குச் சூடேற்றினால்
மினுக்கென்று ஒளிவிட்டுச் சொல்லிவிடும்.
ஒரே ஒரு தடவை.
மறுபடி கேட்டால் வெறும் கல்.

திபிலீசியில், மூன்றாம் மாடியில், சன்னல் இல்லாத அறையில்
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
சலவை இயந்திரத்தில் சுழன்று வந்த வில்லையைப் பார்த்திருக்கிறேன்,
புகையிலைத் தூளோடு வந்ததையும்.
ஒருமுறை ஒன்பது மில்லி சீவெர்ட்.
பதறிப்போய்ப் பல் மருத்துவர் பிட்ஸினாவை அழைத்தேன்.
"குத்தினால் சட்டை கிழிகிறது அம்மா,
இயந்திரத்தின் கையிலேயே மாட்டிவிட்டேன்" என்றார்.
இயந்திரம் நலம்தானே என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நானூற்றுப் பதினேழு அப்படியல்ல.
சுரங்கக்காரர்களின் மார்பைப் படமெடுப்பவள்.
தேதி தவறாது, கீறல் இருக்காது,
உறையின் மூலையில் மட்டும்
அவர்களைத் தொட்ட விரலின் கரி ரேகை.
பெயர் லம்ஸிரா என்றது பட்டியல்.

பிப்ரவரியில் ஒரு விண்ணப்பம்:
நானூற்றுப் பதினேழுக்கு இன்னொரு வில்லை,
ஈயக் கவசத்துக்கு உள்ளே, இடுப்பில் அணிய,
மாதாமாதம் வாசிக்க.
காரணம் எழுதும் கட்டம் காலி.
அதை யாரும் நிரப்புவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.
அவள் மாமியாருக்கு முன்பே
எனக்குத் தெரிந்திருக்கக்கூடும்.
நல்ல படிகமாகத் தேடி எடுத்தேன்.
படிகத்தில் நல்லது கெட்டது கிடையாது,
தெரிந்தும்தான் தேடினேன்.

மார்ச், ஒன்றுமில்லை.
ஏப்ரல், ஒன்றுமில்லை.
அந்தச் சொல்லை எழுத
இவ்வளவு ஆசையாக இருந்ததே இல்லை.

மே மாத உறையில் வில்லையோடு ஒரு துண்டுச் சீட்டு:
இனி வேண்டியதில்லை.

விரல்விட்டு எண்ணினேன்.
பிறப்பதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

ஒரே தடவை என்பதால்
கையைத் துடைத்துக்கொண்டு தட்டை உள்ளே தள்ளினேன்.
திரையில் கோடு எழவே இல்லை,
தரையோடு தரையாக ஓடி முடிந்தது.
பதிவெல்லைக்கும் கீழே.

அதாவது, எங்கள் ஒளியால் அல்ல.
அதை எழுத அறிக்கையில் இடமில்லை.
எண்ணுக்கு ஒரு கட்டம், முத்திரைக்கு ஒரு கட்டம்.
எழுதினாலும் அது ஆறுதலா?
பழிபோட ஒரு கதிராவது மிஞ்சியிருந்திருக்கும் அவளுக்கு.
அதையும் நான் பிடுங்கிக்கொள்கிறேன்.

த்கிபுலியின் எண்ணைப் பாதி அழுத்தி வைத்துவிட்டேன்.
முத்திரை குத்தினேன்.

படிகத்தை உலையில் இட்டு, நானூறு பாகையில்
மிச்சம் மீதி இல்லாமல் ஆற்றினேன்.
இப்போது அது பத்தூமியில்
ஒரு நாய் மருத்துவரின் சட்டையில் இருக்கிறது.

ஆகஸ்டில் நானூற்றுப் பதினேழின் உறை வந்தது.
ஒற்றை வில்லை, கீறலில்லாமல்.
மூலையில் கரி.
வேலைக்குப் போகிறாள்.