எழுவாய்

சுங்கை சிப்புட் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே,
நாலு நம்பர் கடைக்கும் சீனர் பல் வைத்தியருக்கும் நடுவே
என் கடை.
போட்டோஸ்டேட் இருபது காசு.
பாரம் நிரப்ப மூன்று வெள்ளி.
கடிதம் மொழிபெயர்க்கப் பத்து,
தெரிந்தவர் என்றால் மனம்போல.

சிவபாக்கியம் தெரிந்தவள்.
பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள்:
ஒன்று ஈப்போ பெரியாஸ்பத்திரியிலிருந்து,
ஒன்று தோட்டத்து ஆபீசிலிருந்து.
இரண்டிலும் ஒரே சொல்லின் கீழ்
பென்சில் கோடு.
"இது என்ன அண்ணே?"

சக்கம்.
எழுதும்போது கடைசியில் ஒரு பி உண்டு,
சொல்லும்போது இல்லை.
வாயை மூடினால்தான் இந்தச் சொல் முடியும்.

"காயங்களுக்கு..." என்று ஆரம்பித்து நின்றேன்.
நம் பேப்பர்காரர்கள் சிகிச்சை பலனின்றி என்பார்கள்.
அதில் தோற்றது மருந்து,
செத்தவன் மேல் பழி கிடையாது.
இங்கிலீஷ் அப்படி விடாது.
தாங்கிப் பார்த்தான், முடியவில்லை, விட்டுக்கொடுத்தான் என்கிறது.

அட்டை போன அகராதியை எடுத்தேன்.
வேரில் அது கீழே படுப்பதாம்,
ஏதோ ஒன்றின் அடியில்.
பிறகு உதாரணங்கள்:
கேக்குக்கு மயங்கிய சர்க்கரை வியாதிக்காரி,
நெருக்குதலுக்கு இணங்கிய அதிகாரி,
முற்றுகைக்குப் பணிந்த கோட்டை,
தூக்கத்துக்குச் சாய்ந்த காவலாளி.
இவர்களோடு ஒரே வரிசையில்
செம்பனைக் குலை வெட்டும் கோதண்டம்.
எவனாக இருந்தாலும் ஒரு 'க்கு' வேண்டும்.
எதற்காவது தோற்றே ஆக வேண்டும்.

"படுத்தாரா அவரு?
பதினோரு நாள் கட்டில் கம்பியப் பிடிச்ச கை விடல.
நர்சுதான் ஒவ்வொரு விரலா எடுத்துச்சு.
அஞ்சாம் நாளு மோட்டார் சாவி எங்கன்னு கேட்டாரு.
இதுக்குப் பேரு விட்டுக்கொடுக்கிறதா?"

மடிந்தார் என்று போடவா?
மடிக்க அவரென்ன கைலியா என்றாள்.
காலமானார்?
அது வயசானவங்களுக்கு.
பலியானார்?
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"பலின்னா வெட்டினவன் ஒருத்தன் இருக்கணுமே.
அவன் பேரு எங்க?"

அப்போதுதான் வாக்கியத்தை மறுபடி படித்தேன்.
எழுவாய் கோதண்டம்.
பயனிலை அந்தச் சொல்.
பின்வாங்கி வந்த டிராக்டர் அதில் இல்லை.
மூன்று மாதமாய்ப் பிடிக்காத பிரேக் இல்லை.
இருபத்தேழாம் பிளாக்கின் சரிவு இல்லை, மண்டோர் இல்லை.
ஒருவன் தனியாக, தன் சொந்தப் பொறுப்பில்,
தன் காயங்களிடம் தோற்றிருக்கிறான்.

சொக்சோ பாரத்தில் விபத்து நடந்த விதத்துக்கு
ஆறு வரி காலி இடம்.
டிராக்டர் தமிழில் ஐந்து எழுத்து,
மலாயில் ஏழு.

ஆனால் வியாழக்கிழமையே பெரிய கிராணி வந்துபோயிருந்தார்.
தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மாதம் நூற்று நாற்பது,
என் கடையில்தான் அச்சாகிறது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.
மைலோ ஐஸ் வாங்கிக் குடித்தார்.
"சுருக்கமா எழுதுங்க, குடும்பத்துக்குக் காசு சீக்கிரம் வரும்."
காசு சீக்கிரம் வந்தால் நல்லதுதானே.

சுருக்கமாக எழுதினேன்.
ஆறில் ஒன்றரை வரி.

சிவபாக்கியம் மலாய் பேசுவாள், படிக்க வராது.
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"டிராக்டர் இதுல எங்க அண்ணே?"
ஒன்றரை வரியின் நடுவில்
ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.
அவளும் அங்கே விரல் வைத்தாள்,
சூடு பார்ப்பதுபோல.

நாங்கள் தொட்ட சொல் மழை.

மூன்று வெள்ளியை வேண்டாம் என்றேன்.
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அகராதியை இன்னும் மூடவில்லை.
நாலாவது உதாரணம், அந்தக் காவலாளி:
மூன்று இரவாய்
அவன் மேல் எனக்குப் பொறாமை.