பதினான்காம் மரம்

துளைக்கருவி இறங்கத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும்.
சஹாமா எரிமலைச் சரிவில், நாலாயிரத்து எழுநூறு மீட்டரில்,
தள்ளுகிற மூச்சே கடன் வாங்கியது.
கேன்யுவா மரங்கள் என் காது உயரம்தான்.
வெயிலில் உரியும் தோல்போல
சிவப்பாய், தாள் தாளாய்ப் பட்டை.

செவேரோ கலிசாயா லாமாக்களை அப்படியே விட்டுவிட்டு
எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.
எவ்வளவு எடுப்பீர்கள்?
ஒரு பென்சில் கனம்.
புண் ஆறுமா?
அதுவே மூடிக்கொள்ளும் என்றேன்
(பார்த்ததில்லை, படித்ததுதான்).
அடுத்த மழை எப்போது என்று சொல்லுமா?
போன மழையைச் சொல்லும்.
அதை என் லாமாவே சொல்லுமே என்று
வெற்றிலைபோல் கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலையோடு
சிரித்தான்.

லா பாஸில், தரைத்தளத்து அறையில்,
உப்புத்தாள் நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு.
தேய்க்கத் தேய்க்க மரம் கண்ணாடியாகும்.
தும்மக் கூடாது.
என் மூக்குக்குள் இப்போது
எந்தக் காலத்து மழையோ.

இங்கே மழை டிசம்பரில் வந்து மார்ச்சில் போய்விடும்.
ஜனவரி ஒன்று மரத்துக்குத் தெரியாது.
ஒவ்வொரு வளையமும் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்து நிற்கும்.
தொடங்கிய ஆண்டின் பெயரை வைப்பது
தெற்கே எங்கள் வழக்கம்.
எண்பத்து மூன்று பிப்ரவரியில் பிறந்த நான்
மரத்தின் கணக்கில் எண்பத்திரண்டு.

பத்தொன்பது மரங்கள் ஒத்துப்போயின.
பதினான்காவது மட்டும்
ஒரு வயது குறைத்துச் சொன்னது.
ஒல்லி வளையங்களை ஒல்லியோடு பொருத்தி
பட்டையிலிருந்து உள்நோக்கி வந்தேன்.
எழுபத்தொன்பது வரை போய், திரும்ப வந்து,
மதியச் சாப்பாட்டை மறந்து,
இடம் கண்டேன்.
எண்பத்து மூன்றை ஒட்டி எண்பத்தொன்று.
நடுவில் ஒன்றுமில்லை.

அந்த மழைக்காலத்தில்தான்
எங்கள் வீட்டார் லாமாக்களைத் தோல் விலைக்கு விற்றுவிட்டு
எல் ஆல்ட்டோவுக்கு லாரி ஏறினார்கள்.
வயிற்றுக்குள் இருந்ததால் எனக்கு டிக்கெட் இல்லை.

ஃபிடெலியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
காலியாக விடாதே, பூஜ்யம் போடு என்றாள்.
காலி என்றால் தெரியாது என்று பொருள்.
பூஜ்யம் என்றால்
மரம் இருந்தது, வளரவில்லை.
போட்டேன். கோப்பை மூடினேன்.
பேருந்தில் வீடு போகும்வரை
அந்தப் பூஜ்யத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு பணம் மிஞ்சியது; மறுபடி ஏறினோம்.
அதே மரம்.
காற்று அறையும் பக்கத்தை விட்டு
பாறைக்கு ஒதுங்கிய பக்கத்தில் துளைத்தேன்.
பழைய துளை மூடியிருக்கவில்லை.
யாரோ அதில் லாமா ரோமத்தைத் திரித்து
நெருக்கமாக அடைத்திருந்தார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
செவேரோவும் சொல்லவில்லை.

உருப்பெருக்கியின் கீழ் அது இருந்தது.
இரண்டு செல் அகலம்.
முடியைவிட மெல்லிய பழுப்புக்கோடு,
பாதி தூரம் ஓடி, பிறகு
எண்பத்தொன்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கோப்பைத் திறந்தேன்.
பூஜ்யத்தை அழித்தேன்.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், மூன்று.
மில்லிமீட்டரில்.