சுடப்படாதவை

ஐந்து கைத்துப்பாக்கிகளை
மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் போட்டுத் தூக்கிவந்தாள்
மார்லிஸ் ஹாகன்.
பெமிட்ஜியில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
கடைச் சூட்டில் அவள் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போக
தடவித் தடவி மேசையில் பெட்டியை வைத்தாள்.

"ஓரின் போய் ஆறு வாரம்.
எது உசத்தி எது மட்டம் எனக்குத் தெரியாது.
விலை சொல்லுங்கள்."

விலை சொல்வதுதானே பிழைப்பு.
இருபத்தாறு வருடமாக இதே மேசைக்குப் பின்னால்
வருகிறவனுக்கெல்லாம் ஒப்பிக்கிறேன்:
கிளாக்கிடம் லட்சணம் தேடாதே, அது டிராக்டர்,
சேற்றில் புதைத்தாலும் எழுந்து வேலைக்கு வரும்.
சிக் சாவர் கையில் உட்காரும், பர்ஸில் உட்காராது.
ரூகர் கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாது.
பெரெட்டாவுக்குக் கொஞ்சம் பெரிய கை வேண்டும்.
ஐந்தாவதாகக் கிடந்தது
கம்பெனியே மூடிப்போன ஒரு தகரம்,
பெயர்கூடக் கோணலாக அச்சடித்தது.
"மூன்றாவது குண்டில் சிக்கும்" என்றேன்,
"இதற்கு நான் தருவது உங்கள் வண்டிக்கு ஒரு டேங்க் பெட்ரோல்."

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன்.
கரி இல்லை.
தேய்மானம் இல்லை.
கிளாக்கின் உள்ளே தொழிற்சாலைக்காரன் தடவி அனுப்பிய
செம்பு நிறப் பசை
தடவிய விரலின் கோடு கலையாமல்.
சிக்கைப் பார்த்தேன். ரூகரைப் பார்த்தேன்.
தகரத்தைக்கூடப் பார்த்தேன்.
ஒன்றும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

சனிக்கிழமை தவறாமல்
ஓரின் சரளைக் குழிக்குச் சுடப் போவான்.
பத்தொன்பது வருடம்.
ஊருக்கே தெரியும்.
திரும்பும் வழியில் இங்கே நின்று
எது பத்தாயிரம் குண்டு தாங்கும், எது தாங்காது என்று
என்னோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பான்.
என்னிடம் தோட்டா வாங்கியதில்லை.
பெரிய கடையில் மலிவு என்பான்.
சரி, மலிவுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது கணக்கு இப்படி.
பழையது என்று விலை போட்டால்
ஆயிரத்து நூறு டாலர், ஓரினின் மானம் அவனோடு போகும்.
சுடாதது என்று போட்டால்
ஆயிரத்து எண்ணூறு,
ஆனால் ரசீதில் அந்தச் சொல்லை எழுதியாக வேண்டும்.
எழுநூறு டாலர்.
அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரியாக எழுதுங்கள்" என்றாள்.
மூக்குக்கண்ணாடி இப்போது தெளிந்திருந்தது.
"என் அப்பா வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போனவர்.
வெடிமருந்து சட்டையில் எப்படி ஒட்டும் என்று
எனக்குத் தெரியாதா?
ஓரின் சட்டையில் வெங்காயம் வதக்கிய வாசனை.
நல்ல சமையல்காரியாகத்தான் இருக்க வேண்டும்."

எழுதினேன். அழுத்தி எழுதியதில்
அடித்தாள் வரைக்கும் பதிந்தது.

நான்கை விற்றாள்.
தகரத்தை மட்டும் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.
ஒரு பெட்டி தோட்டா கேட்டாள்,
அதற்கும் காசு கொடுத்தாள்.
சரளைக் குழிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றாள்.
பத்தொன்பது வருடத்தில்
அவளை யாரும் அங்கே கூட்டிப்போனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போன்.
காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல்,
மூச்சு வாங்க, கிட்டத்தட்டச் சிரிப்பு.

"மூன்றாவதில் சிக்கிக்கொண்டது."

"அப்போதே சொன்னேனே, மார்லிஸ்.
குழலைத் தரைப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்,
விரலை வெளியே எடுங்கள். வேறொன்று தருகிறேன்."

"வேண்டாம்" என்றாள்.
"அந்த வீட்டில்
சொன்னபடி நடந்துகொண்டது
இது ஒன்றுதான்."