ரொட்டி வண்டி

பேக்கரியை மூடியபோது
சம்பளப் பாக்கிக்கு இந்த வண்டியைக் கேட்டேன்.
முதலாளி சிரித்தார்.
"ஓட்டத் தெரியுமா, கெத்சியாள்?"
பில் போடத் தெரியும், இருபத்து மூன்று வருஷமாக.
ஓட்டுவதை நாற்பத்தொன்பது வயதில் படித்தேன்.

தட்டு அடுக்கிய இரும்புச் சட்டத்தின் மேல்
ஒரு பலகை, அது படுக்கை.
ஒற்றை அடுப்பு. தண்ணீர்க் கேன்.
பின்கதவில் கொசுவலை.
உச்சி வெயிலில் தகரம் காய்ந்தால்
சுவருக்குள்ளிருந்து பன் வாசனை வரும்.
சோப்புப் போட்டும் போகவில்லை, வினிகர் விட்டும் போகவில்லை.
பிறகு கழுவுவதை விட்டுவிட்டேன்.

முனைஞ்சிப்பட்டி, மூலைக்கரைப்பட்டி, பரப்பாடி,
எல்லாம் நோட்டில் மட்டும் தெரிந்த ஊர்கள் எனக்கு.
பரப்பாடி என்றால் ரஸ்க் இருபது பாக்கெட்,
திரும்பி வருவது மூன்று.
இப்படி ஒரு குளமும்
அதில் ஒற்றைக்காலில் இத்தனை நாரைகளும் உண்டென்று
எந்தப் பில்லிலும் இல்லை.
அறுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள்.
இரவில் ஆடுகள் தும்முவதைக் கேட்டபடி படுத்திருந்தேன்.
விடிந்தபோது முன்கண்ணாடி முழுக்க வேப்பம்பூ.
வைப்பரைப் போட்டேன்.
அது பூவையெல்லாம் ஓரமாகக் கூட்டி
ஒரு பிறை வரைந்துவிட்டு நின்றது.
அதைத் துடைக்காமல் நாங்குநேரி வரை போனேன்.

இட்டமொழி விலக்கில்
வண்டியைக் கண்டதும் கல்லாவைத் திறந்தார் ஒரு டீக்கடைக்காரர்.
நானூற்றுப் பத்து ரூபாய்.
"ரெண்டு வருசமா வசூலுக்கு ஆளே வரல.
நான் ஏமாத்தல, கேட்டியளா."
பேக்கரியே இப்போது இல்லை என்றேன்.
"அது எனக்குத் தெரியாது. வண்டி வந்துட்டுல்லா."
ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்.
பேனா பழைய கையெழுத்துக்கு அதுவாகவே போனது.

ராத்திரிகளில் பெட்ரோல் பங்க் ஓரம்.
யாராவது வந்து டார்ச் அடிப்பார்கள்.
"உள்ள வேற யாரு?"
"வீட்டுக்காரர். தூங்குறார்."
கட்டாத வீட்டுக்காரருக்கு
களக்காட்டில் தனசிங் என்று பெயர் வைத்தேன்,
ஏர்வாடியில் ஆசீர்.
சர்க்கரை வியாதியும் கொடுத்திருக்கிறேன்.
"பாவம், எழுப்பாண்டாம்" என்று
குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார் ஒரு கான்ஸ்டபிள்.

பங்குனி உத்திரத்தன்று ரோட்டில் இடமில்லை.
வேன், லோடு ஆட்டோ, டிராக்டர்,
அதில் அண்டா, விறகு, மாலை போட்ட கிடா,
சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் தூக்கக் கண்கள்.
ஓடைக்கரை மருத நிழலில் நானும் ஒதுங்கினேன்.
அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்,
"நீங்க எந்தச் சாஸ்தாவுக்கு?"
"நாங்க வேதக்காரங்க."
பூண்டு உரிக்கிற கை நிற்கவில்லை.
"ஒங்களுக்கும் ஒண்ணு இருந்திருக்கும்லா."

சொல்லிவிட்டு அவள் உப்புத் தேடப் போய்விட்டாள்.
நான் அங்கேயே நின்றேன்.
எங்கள் சபைப் பதிவேட்டில்
முதல் பெயர் என் பூட்டனின் அப்பா.
அதற்கு முந்திய பக்கம் கிடையாது.
கணக்கு எழுதியவளுக்குத் தெரியும்,
முதல் பக்கத்தில் தொடங்குகிற கணக்கு எதுவுமில்லை.
மேலே, இடப்பக்கம்,
பழைய பாக்கி என்று ஒரு வரி இருக்கும்.
யாருக்கு, எவ்வளவு?
டாஷ்போர்டில் நானூற்றுப் பத்து ரூபாய் கிடந்தது.

லெந்து நாள், கறி வேண்டாம் என்றேன்.
பொங்கலை வைத்தார்கள், இலை கொள்ளாமல்.
குலவைச் சத்தத்தில் சாப்பிட்டேன்.
அவள் மகன், நாலு வயதிருக்கும்,
வண்டியைச் சுற்றிச் சுற்றி மோந்தான்.
"பன்னு இருக்கா?"
"இல்லயே."
நம்பவில்லை. ஏறித் தேடினான்.
தலையணைக்கு அடியில்கூடப் பார்த்தான்.
பிறகு சத்தமில்லை.

"வண்டிக்குள்ள யாரு?" என்று அவள் வந்தாள்,
கையெல்லாம் மஞ்சள்.
"ஒரு ஆள் தூங்குறார்" என்றேன்.
"எழுப்பாண்டாம்."