தனேஸ்

லங்காப் டவுனில் லோரி உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடி.
மூன்று பேர், சொட்டுகிற ஏர்கான், ஒரு சட்டகம்.
கதவுச் சட்டகம் இல்லை.
செம்பனை ஆலைகள் எடையைத் தட்டினால்
அது எங்கேயோ ஒரு திரையில் காசாக மாறுமே,
அந்த வழியெல்லாம் எங்கள் வேலை.

நடுவில் ஒரு கோப்பு.
உள்ளே வருகிற கோரிக்கை எதுவும் அதைத் தொட்டுத்தான் போகும்.
வெளியேறுகிற பதிலும் அதைத் தொட்டுத்தான் திரும்பும்.
கோப்பின் பெயர் தனேஸ்.

எழுதியவன் யுகேந்திரன்.
மூன்று வருஷத்துக்கு முன் ஜோகூர் பாலம் தாண்டிப் போனவன்.
காதலியா, தங்கையா, வளர்த்த பூனையா?
கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

ஓங் மலாயில் சொன்னார்:
தணிக்கை வருகிறது, ஆள் பெயர் கூடாது,
வேறு பெயர் வை, என்ன செய்கிறது என்று ஒரே வரியில் எழுது,
வெள்ளிக்குள்.

'காவலாளி' என்று எழுதினேன்.
காவலாளி தடுப்பவன். இது தடுப்பதில்லை,
சீட்டில்லாதவனைக்கூடக் குறித்துக்கொண்டு உள்ளே விடும்.
'கங்காணி'. தட்டிய விரலே அழித்தது.
'பாலம்'. தன்மேல் யார் போனார் என்று பாலத்துக்குத் தெரியாதே.
'சல்லடை' சுத்தப் பொய், இதில் எதுவும் தங்காது.
பக்கத்து மேசை ஹஸ்னிதா 'பெனாபிஸ்' என்றாள்,
சொல்லிவிட்டு அவளே முகத்தைச் சுளித்தாள்.
அதுவும் சல்லடைதான், மலாயில்.

வியாழன் மாலை ஆலைக்குப் போனேன்,
திரை அடிக்கடி உறைகிறது என்று புகார்.
எடைமேடையில் குலை ஏற்றிய லோரி ஏறி நின்றது.
முப்பத்தோராயிரத்து எழுநூறு.
உள்ளே போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப அதே மேடை.
பன்னிரண்டாயிரத்து நானூறு.
வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை.
நடுவில் என்ன நடந்தது என்று மேடைக்குத் தெரியாது.
இரண்டு எண்ணுக்கு நடுவே விழுந்த பள்ளம்,
அவ்வளவுதான் அதன் அறிவு.

அட.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: எடைமேடை.

அப்போது பார்த்துத் திரை உறைந்தது.
பின்னால் ஆறு லோரி, ஹாரன்,
பழுத்த குலையின் புளித்த எண்ணெய் வாடை.
முதல் லோரியிலிருந்து ஒரு தலை நீண்டது:
"என்னங்க, தனேஸ் தூங்கிட்டாளா?"
அதற்குப் பின்னால் வங்காளதேசத்துப் பையன்,
"தனேஸ் தீடோர், பாங்!"
எடைக் கிராணி பைசால் அலுப்போடு எழுந்து
ஒயரைப் பிடுங்கிச் செருகினான்.
"பாங்குன், தனேஸ், பாங்குன்."

எழுந்தாள்.

பிழைச் செய்தியில் வருகிற வரி அது:
தனேஸ் பதில் தரவில்லை.
மூன்று வருஷமாய் இதே கண்ணாடி ஜன்னல் வழியே படித்திருக்கிறார்கள்.
யாரவள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
தாமதமானால் திட்டினார்கள்,
எண் ஒழுங்காய் வந்தால் மறந்துபோனார்கள்.
என் சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர்
இந்த வாசலில் எவருக்கும் தெரியாது.

இரவு உட்கார்ந்து மாற்றினேன். நாற்பத்து மூன்று இடம்.
நாற்பத்திரண்டு எடைமேடை ஆயின.
பிழைச் செய்தியைத் தொடவில்லை.
பிழை வரும்வரை காத்திருக்கிற தணிக்கைக்காரரை
நான் இன்னும் பார்த்ததில்லை.

விளக்கம், ஒரே வரி:
வருவதை ஒருமுறை குறிக்கும், போவதை ஒருமுறை குறிக்கும்,
கணக்கை ஒப்படைத்ததும் மறந்துவிடும்.
திரும்பப் படித்தேன்.
ஏதோ ஓர் ஆளைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.
ஓங் படித்துவிட்டு 'ஓகே' என்றார்.

சனிக்கிழமை, சந்தையில் மீன் வாங்கும்போது
யுகேந்திரனின் டிக் இரண்டாகி நீலமானது.
தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.